ஃபேஸ்-ஆஃபை ஜெயித்தோம், மேட்சைத் தோற்றோம்

சக்கர ஸ்கேட் ஹாக்கி மேட்ச். ஸ்கோர் 2-3, நாங்கள் பின்னால். மேட்ச் முடிய 48 விநாடி. எதிரணி கோலுக்கு இடப்பக்க வட்டத்தில் ஃபேஸ்-ஆஃப், அதாவது நடுவர் போடும் பந்துக்கு இரு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் மோதுவது. எங்கள் கோலியை (கோல்கீப்பரை) வெளியே கூப்பிட்டுவிட்டு அவனுக்குப் பதிலாக ஐந்தாவது ஆட்டக்காரனை இறக்கியிருந்தோம். அவர்கள் பக்கம் கோலி போக நாலு பேர். நடுவர் பந்தைப் போட்டார். எங்கள் பையன் அதைச் சுத்தமாகப் பின்னால் இழுத்தான். இந்த ஆட்டத்தின் கணக்கில் அது வெற்றி. ஆறு விநாடி கழித்து அதே பந்து எங்கள் காலி கோலுக்குள் கிடந்தது. 2-4.

தரையை விட்டு வெளியே வந்து ஸ்கேட்டைக் கழற்றுவதற்குள் பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. "யார்றா வுட்டது?" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். பந்தை இழுத்த பையன்மேல்தான் முதல் பழி விழுந்தது. அவன் கண் கலங்கி, "இன்னாண்ணா, நான் ஜெயிச்சுத்தானே குடுத்தேன்?" என்றான். அன்றைக்கு அவனுக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பதில் கிடைக்க இரண்டு வாரம் ஆனது. கிடைத்தபோது அதில் பாதி என் தலையில் வந்து விழுந்தது.

நாங்கள் யார்

வியாசர்பாடி என்றால் ஊருக்கே கால்பந்து ஞாபகம் வரும். ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் போனால் கேரம். சிமென்ட் தரையில் சக்கர ஸ்கேட் மாட்டிக்கொண்டு ஹாக்கி ஆடுகிறோம் என்று சொன்னால் இன்றைக்கும் சிரிப்பார்கள். ஐஸ் எங்கே என்று கேட்பவர்களுக்கு என் பதில், காசிமேட்டில் மீன் பெட்டிக்குள் இருக்கிறது. இந்தியாவில் நிஜமான ஐஸ் ஹாக்கி லடாக்கில்தான் வேரூன்றியிருக்கிறது. 2025-ல் ஆசியக் கோப்பையில் நம் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியது; அந்த மேட்சுகளைப் பிள்ளைகள் போனில் பார்த்துவிட்டு ஒரு வாரம் தரையில் இறங்காமல் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் தரை கூடைப்பந்துக் கோர்ட் அளவு, 28 மீட்டருக்கு 15. ஓரத்தில் முழங்கால் உயரப் பலகை. வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் தரை 200 அடிக்கு 85 அடி, அதாவது சுமார் 61 மீட்டருக்கு 26. அங்கே கோலி போக ஐந்து பேர், எங்களுக்கு நாலு. அங்கே பக் என்ற தட்டையான ரப்பர் வில்லை, இங்கே கெட்டிப் பிளாஸ்டிக் பந்து. இவ்வளவு வித்தியாசம் இருந்தாலும் ஃபேஸ்-ஆஃப் மட்டும் ஏறக்குறைய அப்படியே ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் ஐஸ் ஹாக்கிக்காரர்கள் அதை எப்படி ஆடுகிறார்கள் என்று தோண்டிக்கொண்டே இருக்கிறேன்.

புல்தரை ஹாக்கி தெரிந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபேஸ்-ஆஃப் நம்ம 'புல்லி'க்குச் சொந்தக்காரன். ஆனால் புல்லி இன்று எப்போதாவது நடக்கும் சடங்கு. இங்கே ஒவ்வொரு விசிலுக்குப் பிறகும் ஃபேஸ்-ஆஃப்தான். ஐஸ் தரையில் அதற்கென்று ஒன்பது புள்ளிகள். கோலுக்குப் பக்கத்தில் இடமும் வலமுமாக இருக்கும் புள்ளிகள் கோல் கோட்டிலிருந்து 20 அடி தள்ளி. ஒவ்வொன்றையும் சுற்றி 15 அடி ஆரத்தில் வட்டம். பந்துக்கு மோதும் சென்டர்கள் இருவர் மட்டும் நடுவில், மற்றவர்கள் வட்டத்துக்கு வெளியே. எதிரணி கோலுக்கு முன்னால் ஃபேஸ்-ஆஃப் கிடைத்தால் அது பெனால்டி கார்னர் மாதிரிதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஒரே வித்தியாசம், பெனால்டி கார்னரில் பந்து நம்முடையது என்று தெரியும். இங்கே அதுவே தெரியாது.

அந்த ஆறு விநாடி

கோர்ட் மதில்மேல் உட்கார்ந்து ஒரு பெண் தன் அண்ணன் ஆடுவதைப் போனில் எடுத்திருந்தாள். அந்த வீடியோ இல்லாவிட்டால் இந்த ஆய்வும் இல்லை. அதை எத்தனை முறை ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

முதலில் வட்டத்துக்குள் நின்றவன் எங்கள் வழக்கமான சென்டர். எங்களிடமே கைதேர்ந்தவன், அவசரக்காரனும்கூட. கோலுக்கு முன்னால் நடக்கும் ஃபேஸ்-ஆஃபில் காக்கும் அணியின் சென்டர்தான் முதலில் ஸ்டிக்கைத் தரையில் வைக்க வேண்டும். வட அமெரிக்க லீகான NHL-ல் 2015-16 சீசனிலிருந்து இப்படி. தாக்கும் அணிக்கு இது சின்னச் சலுகை, எதிராளி எப்படி வைக்கிறான் என்று பார்த்துவிட்டு நாம் வைக்கலாம். அந்தச் சலுகையைக்கூடப் பொறுமையாக வாங்கிக்கொள்ள அவனால் முடியவில்லை. பந்து விழுவதற்கு முன்பே ஸ்டிக் அசைந்தது. நடுவர் அவனை வட்டத்தை விட்டு வெளியே அனுப்பினார். நடுவர் செய்தது சரி. அதே ஃபேஸ்-ஆஃபில் இன்னொரு முறை நடந்திருந்தால் இரண்டு நிமிட தண்டனையே கிடைத்திருக்கும், அவ்வளவு நேரமும் ஓர் ஆள் குறைவாக ஆடவேண்டும்.

விதிப்படி வேறு ஒருவன் உள்ளே வர வேண்டும். இடது விங், அதாவது இடப்பக்க ஓரத்து ஆட்டக்காரன், வந்தான். வெளியேறியவன் பலகை ஓரமாக இடது விங் இடத்துக்குப் போனான். மற்ற மூவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

வெளியேற்றியதிலிருந்து பந்து விழும்வரை 11 விநாடி. வீடியோவில் அந்த 11 விநாடியில் தூரத்தில் ரயில் ஹார்ன் கேட்கிறது. யாரோ ஒரு குழந்தை ஐஸ்க்ரீம் கேட்டு அழுவது கேட்கிறது. எங்கள் ஐந்து பேர் வாயிலிருந்து ஒரு சொல் இல்லை.

பந்து விழுந்தது. புதிதாக உள்ளே வந்தவன் ஸ்டிக்கின் பின்பக்கத்தால் அதை வாரி இழுத்தான். பந்து பின்னோக்கி, இடப்பக்கமாக, பலகையை நோக்கி உருண்டது. அங்கே எங்கள் ஆள் யாரும் இல்லை. பலகையோரம் நின்ற எங்கள் பழைய சென்டர் நடுவரை முறைத்துக்கொண்டிருந்தான். அவன் தோளை உரசிக்கொண்டு எதிரணி விங் பந்துக்கு ஓடினான். நடுவில் ஷாட் அடிக்கக் காத்திருந்த எங்கள் பையன் நின்ற நிலையிலிருந்து திரும்பி, சக்கரம் பிடித்து வேகம் எடுப்பதற்குள் அவன் பந்தைத் தொட்டுவிட்டான். பலகையில் ஒரு தட்டு. பந்து எங்கள் பையனைத் தாண்டியது. பின்னால் காவலுக்கு நின்ற பெண் குறுக்கே பாய்ந்தாள், அரை மீட்டரில் தவறவிட்டாள். அதற்கப்புறம் காலி கோல்.

இழுத்தவன் கை எந்தப் பக்கம்

முதல் வாரம் முழுவதும் நான் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன். பலகையோரப் பையன் முறைத்துக்கொண்டு நின்றதுதான் காரணம் என்று நினைத்தேன். அவனை உட்காரவைத்து ஒரு நாள் முழுக்கத் திட்டவும் செய்தேன். அதற்குப் பிறகு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

விடை கேரம் போர்டில் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் எந்தத் தெருவிலும் ஒரு போர்டு இருக்கும். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா இந்த வடசென்னைப் பெண்தான். அதற்கப்புறம் போர்டுக்கு முன்னால் இடம் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு போர்டைக் கேட்டு வாங்கினோம். முழு போர்டும் எங்கள் தரையில் பாதி என்று வைத்துக்கொண்டோம். பவுடரைத் தூவி விரலால் கோல் வரைந்தோம். வெள்ளைக் காய் நாங்கள், கறுப்பு அவர்கள், ரெட் பந்து. வீடியோவைப் பார்த்துப் பார்த்துக் காய்களை வைத்தோம்.

வைத்து முடித்ததும் ஷாட் அடிக்கும் பையன் சொன்னான், "அண்ணா, நான் நின்னது கரீட்டு. நம்ம நோட்டுல இருக்கிற மாதிரியே தான் நின்னேன். பந்துதான் அந்தாண்ட போச்சு."

பந்து ஏன் அந்தாண்ட போனது? இழுத்தவன் இடதுகை ஸ்டிக்காரன். அணியில் அவன் ஒருவன்தான் அப்படி.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், முழு நிகழ்வும் இதற்குள்தான் இருக்கிறது. புல்தரை ஹாக்கியில் ஸ்டிக் ஒரே வகை. எல்லோரும் வலதுகை ஸ்டிக்தான், இடது கை மேலே, வலது கை கீழே. எங்கள் பிள்ளைகளில் நாலில் மூன்று பேர் அங்கிருந்து வந்தவர்கள், அதனால் அந்தப் பிடிதான் பழக்கம். ஐஸ் ஹாக்கி ஸ்டிக்கில் பிளேடு வளைந்திருக்கும், இடது வலது என்று தனித்தனி. இந்தப் பையன் கால்பந்திலிருந்து வந்தவன். பழைய ஸ்டிக் ஒன்று கைக்குக் கிடைத்தது, அது இடது வளைவு. அவனுக்கு எது சரியான பிடி என்று முன்னால் தெரியாததால் அதிலேயே பழகிவிட்டான். வட அமெரிக்க லீகில் இடதுகை ஸ்டிக்காரர்கள்தான் பெரும்பான்மை என்பது தனிக்கதை.

ஃபேஸ்-ஆஃபில் பெரும்பாலோர் பிளேடின் பின்பக்கத்தால் இழுப்பார்கள், அதில்தான் பலம் அதிகம். வலதுகைக்காரன் அப்படி இழுத்தால் பந்து பின்னால் வலது பக்கம் போகும். இடதுகைக்காரன் இழுத்தால் பின்னால் இடது பக்கம். இடப்பக்க வட்டத்தில் நிற்கும்போது வலது என்றால் மைதானத்தின் நடு, இடது என்றால் பலகை ஓரம். நான் வீடியோக்களில் பார்த்த அமைப்புகளெல்லாம் இடதுகைச் சென்டருக்கானவை. எங்கள் வழக்கமான சென்டர் வலதுகைக்காரன் என்பதால் அவற்றைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி நோட்டில் வரைந்தேன். பெருமையாகவும் இருந்தது. அன்று உள்ளே வந்தவன் இடதுகைக்காரன். நான் திருப்பாமல் விட்டிருந்த பழைய படம் அன்றைக்கு அச்சாகப் பொருந்தியிருக்கும்.

ஆக, ஜெயித்தவன் தன் வேலையைச் செய்தான். நின்றவர்கள் நோட்டு சொன்ன வேலையைச் செய்தார்கள். நோட்டுக்குத் தெரியாத ஒன்று நடந்தது, அதைச் சொல்ல 11 விநாடி இருந்தது, யாரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். நான் பலகைக்கு வெளியே நின்று நடுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோற்பதற்கும் ஒரு திட்டம்

வட அமெரிக்க லீகில் ஃபேஸ்-ஆஃப் கணக்கு 1997-98 சீசனிலிருந்து எழுதப்படுகிறது. பாஸ்டன் அணிக்கு ஆடிய பாட்ரிஸ் பெர்ஜரானைப் போன்ற மிகச் சிறந்தவர்களே நூற்றுக்கு அறுபது ஜெயித்தால் பெரிய விஷயம். மீதி நாற்பதை அவர்களும் தோற்கிறார்கள். அப்படியானால் ஜெயித்தால் என்ன செய்வது என்று மட்டும் வைத்திருக்கும் அணி, தன் ஆட்டத்தில் பாதியைத் திட்டமில்லாமல் ஆடுகிறது. எங்கள் நோட்டில் இருந்த ஏழு படத்திலும் பந்து எங்களுக்கு வந்துகொண்டிருந்தது.

ஃபேஸ்-ஆஃப் முடிந்த அடுத்த இரண்டு விநாடி எவ்வளவு பெரியது என்பதற்கு ஐஸ் ஹாக்கியில் எல்லோரும் சொல்லும் ஒரு மேட்ச் உண்டு. 2019 ஏப்ரல் 23, சான் ஹோசே அணிக்கும் வேகாஸ் அணிக்கும் நடந்த தொடரின் ஏழாவது, கடைசி மேட்ச். வேகாஸ் 3-0 என்று முன்னால். கடைசிப் பகுதியில் இன்னும் 10 நிமிடம் 47 விநாடி இருக்கிறது. வேகாஸ் கோலுக்கு முன்னால் ஃபேஸ்-ஆஃப். சான் ஹோசேயின் ஜோ பாவெல்ஸ்கி ஜெயித்தார். தோற்ற கோடி ஈக்கின் அவர் மார்பில் ஸ்டிக்கை வைத்துத் தள்ள, பாவெல்ஸ்கி இன்னொருவர்மேல் மோதி விழுந்து தலையில் ரத்தம். ஈக்கினுக்கு ஐந்து நிமிட தண்டனை. அந்த ஐந்து நிமிடத்துக்குள் சான் ஹோசே நாலு கோல் போட்டது, கடைசியில் கூடுதல் நேரத்தில் 5-4 என்று ஜெயித்தது. தண்டனை அளவுக்கு மீறியது என்று வேகாஸ் ரசிகர்கள் இன்றும் பொருமுகிறார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. பந்தைத் தோற்றவன் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று அவன் கைக்குத் தெரிந்திருந்தால், கை வேறு வேலை தேடியிருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எங்கள் பலகையோரப் பையனும் அன்று அதே நிலையில்தான் இருந்தான்.

அடுத்த சீசனில் அந்த லீக் இன்னொரு விதி கொண்டுவந்தது: எதிராளிக்கு தண்டனை கிடைத்து ஆட்டம் தொடங்கும்போதும், ஐஸிங்குக்குப் பிறகும் (தன் பாதியிலிருந்தே பக்கை எதிரணி கோல் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிடுவதுதான் ஐஸிங்), இடது வட்டமா வலது வட்டமா என்று தாக்கும் அணியே தேர்ந்தெடுக்கலாம். தன் சென்டரின் கைக்கு ஏற்ற பக்கத்தை எடுத்துக்கொள்ளத்தான் இந்தத் தேர்வு. எங்கள் போட்டிகளில் அந்த வசதி இல்லை. வட்டம் மாறாது, ஆகவே நாங்கள்தான் மாறவேண்டும்.

என்ன மாற்றினோம்

முதல் மாற்றம் வாயில். சென்டர் மாறினால் உள்ளே போகிறவன் தன் கையைக் கத்தவேண்டும், "இடது!" அல்லது "வலது!" அதைக் கேட்டதும் பின்னால் நிற்கும் இருவரும் நகரவேண்டும். இவ்வளவுதான். இதற்குப் பழக மூன்று வாரம் ஆனது. கத்த வெட்கப்படுகிறார்கள்! தெருவில் நாலு வீடு தள்ளிக் கேட்கும்படி சண்டை போடுகிற பிள்ளைகள், தரையில் இறங்கினால் ஊமை.

இரண்டாவது, சென்டர்கள் இல்லாமலே ஃபேஸ்-ஆஃப் பயிற்சி. வட்டத்துக்குள் நான் மட்டும் நின்று பந்தை எந்தப் பக்கமாவது தட்டிவிடுவேன். மற்ற எல்லோரும் அதை எடுக்கவேண்டும். ஃபேஸ்-ஆஃப் என்றாலே இரண்டு பேர் சண்டை, மற்றவர்கள் வேடிக்கை என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். பாதி ஃபேஸ்-ஆஃபில் பந்து இரண்டு ஸ்டிக்குக்கும் நடுவில் சிக்கி எங்கோ தெறிக்கும். அதை முதலில் தொடும் மூன்றாவது ஆள்தான் உண்மையில் ஜெயித்தவன்.

மூன்றாவதுதான் திட்டங்கள். ஏழு படத்தைக் கிழித்துவிட்டு மூன்று வைத்துக்கொண்டோம். பெயர் வைத்தது பிள்ளைகள்.

'கேட்' என்பது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட். ஒருமுறை மூடினால் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. பந்து பின்னால் போனதும் எதிரணி விங் ஷாட் அடிக்கிறவனை நோக்கிப் பாய்வான். எங்கள் விங் அவன் பாதையில் ஏற்கெனவே நின்றிருக்கவேண்டும். நின்ற இடத்தில் நிற்பது நம் உரிமை. பந்து இல்லாதவனை நகர்ந்துபோய் மறித்தால் தப்பு, தண்டனை. இந்த ஒரு அடி வித்தியாசத்துக்காகத்தான் அதிக நேரம் செலவழித்தோம். அன்று அந்தப் பலகையோரத்தில் கேட் மூடியிருந்தால் எங்கள் ஷாட்டருக்கு ஒரு விநாடி கிடைத்திருக்கும், அது போதும்.

'பேசின் பிரிட்ஜ்' பற்றி சென்ட்ரலுக்கு ரயிலில் வந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். சென்ட்ரல் கண்ணுக்குத் தெரியும், வண்டி நிற்கும். வாஷிங்டன் அணியில் பேக்ஸ்ட்ராம் ஆடிய காலத்தில் அவர் இழுத்துக்கொடுக்க ஓவெச்கின் நிற்காமல் அடித்ததைப் பார்த்துப் பார்த்து, பந்து வந்தால் உடனே அடிக்கவேண்டும் என்று எங்கள் ஷாட்டருக்கு ஊறிப்போயிருந்தது. ஓவெச்கினின் அடி வேறு, எங்கள் அடி வேறு. எங்களுடையது எதிரே வருகிறவன் முழங்காலில் பட்டுத் திரும்பும். அதனால் ஸ்டிக்கை ஓங்கிவிட்டு நிறுத்தவேண்டும். பாய்ந்து வருகிறவன் தாண்டிப் போவான். அப்புறம் தூரப் பக்கம் நிற்பவளுக்குத் தள்ளவேண்டும்.

'காசிமேடு' ஒன்றுமில்லை, வலை. எப்படியாவது பந்தைக் கோலை நோக்கிப் போடு, மூன்று பேர் வாசலில் நில், தெறிப்பதை அள்ளு.

தோற்றால்? அதற்குப் பெயர் வைக்கவில்லை, எண் மட்டும். பந்துக்குப் பக்கத்தில் இருப்பவன் ஒன்று, நேரே பந்துக்காரன்மேல். பலகையோரம் இருப்பவன் இரண்டு, அவன் வெளியேறும் வழியை அடைப்பான். மூன்று கோல் வாசலுக்கு. நாலு அசையக்கூடாது.

பொங்கல் கழித்து

அதே அணியோடு மறுபடி ஆடினோம், ஜனவரி கடைசியில். 1-1. மூன்று நிமிடம் இருக்கும். இந்த முறை வலப்பக்க வட்டம். வலப்பக்கத்தில் இடதுகைக்காரன் இழுத்தால் பந்து நடுவுக்கு வரும் என்பதால் நாங்களாகவே அவனை உள்ளே அனுப்பினோம். "இடது!" என்று கத்தினான். பின்னால் இருவரும் நகர்ந்தார்கள். எல்லாம் நோட்டில் இருந்தபடி.

அவன் தோற்றான். பந்து அவர்கள் பேக்கிடம் (தற்காப்பு ஆட்டக்காரனிடம்), கோலுக்குப் பின்னால் மூலைக்குப் போனது. எங்கள் ஒன்று அவன்மேல் போனது. இரண்டு பலகையை அடைத்தது. அவசரத்தில் அவன் பந்தைக் கோலுக்கு முன்னாலேயே தள்ள, அங்கே மூன்றாக நின்றவன் எங்கள் பழைய சென்டர், நடுவரை முறைத்த அதே பையன். முதல் அடி கோலி காலில் பட்டுத் திரும்பியது, இரண்டாவது உள்ளே போனது. கடைசி நிமிடத்தில் அவர்களும் ஒன்று போட்டு 2-2 ஆக்கினார்கள்; அது ஃபேஸ்-ஆஃபில் வந்ததல்ல, எங்கள் கோலி கையிலிருந்து நழுவியது.

இப்போது புதுத் தலைவலி ஒன்று. எதிரணிப் பிள்ளைகளும் இதே ஊர். அந்த மேட்சிலேயே பாதியில் எங்கள் பெண் "பேசின் பிரிட்ஜ்!" என்று கத்தியதும் அவர்கள் விங் பாயாமல் நின்றுவிட்டான். ஷாட்டர் ஓங்கி நிறுத்த, இவனும் நிற்க, இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெயரை மாற்றவேண்டும். மீஞ்சூர் என்று வைக்கலாம் என்கிறார்கள் பிள்ளைகள். எதற்கு மீஞ்சூர் என்று கேட்டால், "அங்க போறதுக்கு யாரும் அவசரப்பட மாட்டாங்கண்ணா" என்கிறார்கள்.